குடோன் வேலைக்கு எட்டு நாடுகள்

2023 ஆகஸ்ட் 10, வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்களும் அவர்கள் எடுத்த சீட்டுகளும்:

அஞ்சம்மாள் – நெதர்லாந்து.
சின்னப்பாப்பா – ஸ்பெயின்.
செல்லம்மாள் – ஜப்பான்.
கீதாஞ்சலி – ஸ்வீடன்.
சரஸ்வதி, என் அம்மா – ஆஸ்திரேலியா.
மலர்கொடி – பிரான்ஸ்.
அந்தோணியம்மாள் – இங்கிலாந்து.
வினோதினி – கொலம்பியா.
வாசலில் பைக்கை விட்டு இறங்காமல் சக்கரபாணி.
சீட்டு எழுதியது நான், ஐயப்பன்.

எட்டுப் பெண்களும் மரக்காணம் உப்பளத்தில் ஒரே செட்டு. சக்கரபாணி குத்தகைக்கு எடுத்த பாத்திகளில் விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்குவார்கள். சிலர் வாரிக் கூட்டுவார்கள், மற்றவர்கள் கூடையில் சுமந்து ரோட்டோரம் குவிப்பார்கள். பதினோரு மணிக்கு மேல் உப்பில் பட்ட வெயில் கீழேயிருந்து முகத்தில் அடிக்கும். அப்போது ஏறிவிடுவார்கள்.

சக்கரபாணிக்கு ஒரு குடோன் உண்டு. அதில் ஒரு சின்ன அறையில் உப்பைப் பாக்கெட் போட்டு சீல் வைக்கும் மிஷின் இருக்கிறது. அதில் உட்கார்ந்திருந்த பெண் கல்யாணமாகித் திண்டிவனம் போய்விட்டாள். அந்த இடத்துக்கு ஒரு ஆள் வேண்டும். கூலி பாத்தியில் கொடுப்பதேதான். ஆனால் நிழல், அதுவும் உட்கார்ந்து செய்யும் வேலை. எட்டுப் பேருக்கும் அந்த இடத்தின் மேல் கண்.

போன வருஷமும் இதே மாதிரி ஒரு இடம் காலியானது. சக்கரபாணி டம்ளரில் எட்டுச் சீட்டு போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தான். அப்போது செட்டில் இருந்த அவன் மச்சினி பெயர் வந்தது. மறுநாள் குடோன் பெருக்கப் போன கீதாஞ்சலி அந்த டம்ளரைப் பார்த்தாள். மிச்சம் ஏழு சீட்டிலும் மச்சினி பெயர்தான். அதனால் இந்தத் தடவை சீட்டு என்றதும் எட்டுப் பேரும் முடியாது என்றார்கள்.

ஃபுட்பால் யோசனை சின்னப்பாப்பாவுடையது. நான் ஹேச்சரியில் நைட் ஷிப்ட். இறால் குஞ்சுத் தொட்டிகளுக்குக் காற்று போகிறதா என்று விடிய விடியப் பார்க்கும் வேலை. காலேஜை மூன்றாவது வருஷத்தில் விட்டபின் கிடைத்தது அதுதான். பகலில் எனக்குத் தூக்கம் வராது, டிவியில் எது ஓடினாலும் பார்ப்பேன். அந்த வாரம் தூர்தர்ஷன் ஸ்போர்ட்ஸில் பெண்கள் உலகக் கோப்பை ஓடிக்கொண்டிருந்தது. மோர் கடன் கேட்க வந்த சின்னப்பாப்பா வாசலில் நின்றபடியே பார்த்தாள்.

"இன்னாடா இது, பொம்பளைங்க கூட ஆடுறாங்களா?"

"வேல்டு கப்பு சித்தி. இன்னும் எட்டு டீமு தான் பாக்கி."

"தோத்தா?"

"ஊருக்குப் போவ வேண்டியதுதான். ஒண்ணு தான் கடைசியா நிக்கும்."

மோரை மறந்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எட்டு டீம், எட்டுப் பேர், யாருடைய நாடு கப் வாங்குகிறதோ அவளுக்குக் குடோன் வேலை என்றாள்.

"சக்கரபாணி ஆஸ்திரேலியாவுக்குப் போயி கை வைக்க முடியாதுல்ல," என்றாள்.

சக்கரபாணிக்கு எரிச்சல்தான். ஆனால் மறுத்தால் டம்ளர் கதை மறுபடி கிளம்பும். "எப்படியோ சண்டை இல்லாம ஒருத்தி வந்தா சரி" என்றான்.

நான் சீட்டு எழுதினேன். சுருட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வினோதினி வாங்கி உரக்கப் படித்தாள். எட்டும் வேறு வேறு பெயர் என்று தெரிந்தபிறகுதான் டம்ளரில் போட விட்டார்கள்.

அப்போது அந்தோணியம்மாள் நடுவில் புகுந்தாள். "இத்தினி கூத்து எதுக்கு? அஞ்சம்மாளுக்குக் கண்ணு போவுது. அவளே போவட்டுமே."

எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். உப்பு வெளிச்சத்தில் இருபத்தைந்து வருஷம் நின்றதில் அஞ்சம்மாளுக்கு வலது கண்ணில் சதை வளர்ந்து கருவிழியைத் தொட்டிருந்தது. பாண்டி ஆஸ்பத்திரியில் ஒரு தடவை எடுத்தார்கள். மறுபடி பாத்தியில் போய் நின்றாள், மறுபடி வளர்ந்தது. இப்போது இடது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கத் தயார். அந்த வெளிச்சத்தை விட்டுவிட்டு வா, இல்லாவிட்டால் எடுத்துப் பிரயோஜனம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார அவளால் முடியாது. வீட்டுக்காரன் இல்லை, இருக்கும் ஒரு பெண் செய்யாறில் நர்சிங் படிக்கிறாள்.

அஞ்சம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. அந்தக் கண்ணில் எப்போதும் நீர் வடியும்.

"எனக்கு ஒருத்தியும் எதுவும் குடுக்க வேணாம்," என்றாள். "அஞ்சு வருசம் முந்தி இந்தச் சின்னப்பாப்பா ஒரு பழைய பொடவ குடுத்தா. அத இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறா. வேலையே குடுத்தா நான் சாவற வரைக்கும் சொல்லுவீங்க."

"அது பழைய பொடவ இல்ல. ரெண்டே தடவ கட்டினது," என்றாள் சின்னப்பாப்பா.

"பாத்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சம்மாள்தான் முதலில் டம்ளருக்குள் கை விட்டாள். நெதர்லாந்து வந்தது.

"இது எங்க இருக்குது?"

"ரொம்ப தூரம் பெரிம்மா. கடலைத் தடுத்து அணை கட்டி ஊர் வச்சிருக்காங்க."

"அப்ப நம்ம ஆளுங்க தான்," என்று சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே அவளுடைய ஆட்டம். ஸ்பெயினுடன். அந்த நேரம் எட்டுப் பேரும் பாத்தியில் இருந்தார்கள். நான் ஷிப்ட் முடித்து வந்து தனியாகப் பார்த்தேன். கடைசிப் பத்து நிமிஷத்தில் நெதர்லாந்துப் பெண் ஒருத்தி பந்தைக் கையால் தொட்டு பெனால்டி கொடுத்தாள். ஸ்பெயின் ஒன்று. முடியப் போகிற நேரத்தில் அவளே ஓடிப் போய் கோல் அடித்துச் சமன் செய்தாள். கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அதில் ஸ்பெயின் இன்னொன்று அடித்தது. முடிந்தது.

அஞ்சம்மாள் பதினொன்றேகாலுக்கு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கால் கூடக் கழுவவில்லை.

"எத்தினி?"

"ரெண்டுக்கு ஒண்ணு."

"ரெண்டு யாரு?"

"ஸ்பெயினு."

"ஸ்பெயினு யாரு?"

"சின்னப்பாப்பா சித்தி."

வாசலைப் பார்த்தாள். வாசலிலும் வெயில்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். "நம்மளுது நல்லா ஆடுச்சா?" என்று கேட்டாள். நன்றாக ஆடியது என்றேன். பொய் இல்லை. "சரி" என்று போய்விட்டாள்.

போட்டியில் முதலில் வெளியே போனது அவள்தான். மற்ற ஏழு பேரும் அன்று பூராவும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள். ஆனால் யாரும் தன் சீட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கவும் இல்லை. என் அம்மாவும்தான். அவளுக்கு முட்டி வலி.

அன்று மத்தியானமே ஜப்பானை ஸ்வீடன் அடித்தது. செல்லம்மாள் அவுட். சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு அம்மாவின் ஆஸ்திரேலியாவும் மலர்கொடியின் பிரான்சும். அன்று எட்டுப் பேரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சம்மாளும் வந்தாள். டிவிக்கு ஓரடி தூரத்தில் உட்கார வைத்தோம்.

தொண்ணூறு நிமிஷம் ஒன்றும் விழவில்லை. கூடுதல் அரைமணியிலும் ஒன்றும் விழவில்லை.

"இன்னாடி இது, ரெண்டு மணி நேரமா ஓடுறாங்க, ஒரு கூடை உப்பு கூட ஏறல," என்றாள் மலர்கொடி.

சரியாக அப்போது தண்ணீர் லாரி ஹார்ன் அடித்தது. எங்கள் தெருவுக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் லாரி. எட்டுப் பேரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். பெனால்டியை நான் மட்டும்தான் பார்த்தேன். இருபது உதை. ஆஸ்திரேலியாவின் கோல் கீப்பரே வந்து உதைத்து, அடித்தால் ஜெயம் என்கிற நேரத்தில் கம்பத்தில் அடித்தாள். ஆனால் இரண்டு பந்தைத் தடுத்ததும் அவள்தான். ஒன்றை இரண்டு தடவை தடுக்க வேண்டியிருந்தது, முதல் தடவை கோட்டை விட்டு முன்னால் வந்துவிட்டாள் என்று திருப்பி உதைக்க வைத்தார்கள். ஏழுக்கு ஆறு. ஆஸ்திரேலியா.

குடங்களோடு திரும்பி வந்தவர்களிடம் சொன்னேன்.

மலர்கொடி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. "ஏழா?"

"ஏழுக்கு ஆறு."

"ரெண்டு மணி நேரம் ஒண்ணும் விழல. நான் ரெண்டு கொடம் புடிக்கறதுக்குள்ள பதிமூணு விழுந்துச்சா?"

"அது பெனால்டி அக்கா. ஆளுக்கு ஒண்ணு உதைப்பாங்க."

"ஆஸ்திரேலியா யாரு சீட்டு? உங்கம்மா சீட்டு."

அம்மா எழுந்துவிட்டாள். "எம் புள்ள பொய் சொல்றான்னு சொல்றியா?"

"காலேஜுக்குப் போறேன்னு ஆறு மாசம் பீச்சுல உக்காந்திருந்தவன் தானே."

அது உண்மை. செல்போனில் ஹைலைட்ஸ் தேடி எடுத்தேன். சிக்னல் வர மாடிப் படியில் போய் நிற்க வேண்டியிருந்தது, ஏழு பேரும் படியில் ஏறி என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். வீடியோ ஓடியது. மலர்கொடி விரலை வைத்தாள்.

"நிறுத்து. இது வேற மேட்ச்சு. எங்க பிரான்சு கோல்ல நின்னது இவ இல்ல. நான் ரெண்டு மணி நேரம் பாத்தேன். அவ மூஞ்சி வேற."

நான் அதைக் கவனித்திருந்தேன். கடைசி நிமிஷத்தில் பிரான்ஸ் கோல் கீப்பரை மாற்றியது. எப்படிச் சொன்னாலும் மலர்கொடி நம்பவில்லை. நாள் பூரா நின்றவளை உதை விழுகிற நேரத்தில் எவன் மாற்றுவான் என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான்.

அஞ்சம்மாள் கீழ்ப் படியில் உட்கார்ந்திருந்தாள். செல்போன் திரை அவளுக்குத் தெரியாது, அதனால் ஏறவில்லை. "மாத்தாள் வுட்டிருப்பாங்கடி," என்றாள். "நின்னவளுக்கு முடியல, இன்னொருத்திய வுட்டாங்க. நம்ம செய்யறது தானே. பையன எதுக்குப் போட்டு ஏசுற."

அவள் முதல் நாளே தோற்றுவிட்டவள். யார் ஜெயித்தாலும் அவளுக்கு ஒன்றும் இல்லை. அதனால் அவள் சொன்னது எடுபட்டது. மலர்கொடி குடத்தை இறக்கி வைத்தாள். "அப்ப மாத்தாளா வந்தவ சரியில்ல," என்று மட்டும் சொன்னாள். நாலு மணிக்கு அந்தோணியம்மாளின் இங்கிலாந்து வினோதினியின் கொலம்பியாவை அனுப்பியது. அதில் தகராறு எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்பெயின் ஸ்வீடனை அடித்தது. மூன்று கோலும் கடைசிப் பத்து நிமிஷத்தில். கீதாஞ்சலி சமன் ஆனதும் எழுந்து ஆடினாள், உட்காரும் முன் தோற்றுவிட்டாள். புதன்கிழமை இங்கிலாந்து ஆஸ்திரேலியாவை மூன்றுக்கு ஒன்று அடித்தது. அம்மா டிவியைப் பார்த்து, "கம்பத்துல அடிச்சப்பவே தெரியும்" என்றாள். மலர்கொடிக்கு அன்று சந்தோஷம். என் மேல் இருந்த சந்தேகமும் அத்தோடு போனது.

ஞாயிறு ஃபைனல். அந்தோணியம்மாள் காலைப் பூசையில் இங்கிலாந்துக்காக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள். சின்னப்பாப்பா மரக்காணம் பஜாரிலிருந்து பக்கோடா வாங்கி வந்தாள், வந்ததிலிருந்து வாய் மூடவில்லை. அரைமணிக்குள் ஸ்பெயின் ஒரு கோல் அடித்தது. இரண்டாம் பாதியில் ஸ்பெயினுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, அதை இங்கிலாந்து கீப்பர் பிடித்துவிட்டாள். அந்தோணியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, "மெழுகுத்திரி வேலை செய்யுது" என்றாள்.

"பந்தப் புடிக்கறதுக்குத் தான் ஏத்துன. கோல் போட இன்னொண்ணு ஏத்தணும்," என்றாள் சின்னப்பாப்பா.

ஒன்றுக்கு பூஜ்யம். ஸ்பெயின் கப்பைத் தூக்கியது. சின்னப்பாப்பா பக்கோடாப் பொட்டலத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். மற்றவர்கள் நியாயமாகவே நடந்துகொண்டார்கள். அஞ்சம்மாள், "நல்லா இரு, தெனம் நேரத்துக்குப் போ" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போகும்போது வாசற்படியைக் காலால் தடவித்தான் இறங்கினாள்.

திங்கட்கிழமை சின்னப்பாப்பா சலவைப் புடவை கட்டி, தலையில் பூ வைத்துக் குடோனுக்குப் போனாள். செவ்வாயும் போனாள். புதன் சாயந்திரம் கடையில் பார்த்தேன். குரல் கம்மியிருந்தது.

"எப்படி சித்தி வேலை?"

"வேலையா அது. பொணத்த வச்ச ரூமு மாதிரி. காத்து பட்டா உப்பு நசநசங்குதுன்னு கதவ சாத்திடணும். ஜன்னல் கெடையாது. மிஷினு டக்கு டக்குங்குது. பேச ஒரு ஈ கூட இல்லடா. உப்புக்கு ஈயும் வராது."

"போன்ல பேசறது."

"டவரு கெடைக்கல." தொண்டையைச் செருமினாள். "பேசாம இருந்து இருந்து தொண்டையே கட்டிப்போச்சு."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடித்து எக்செல் மொபெட்டில் உப்பள வழியாக வந்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் எட்டுத் தலைகள் தெரிந்தன. ஏழுதான் இருக்க வேண்டும். வண்டியை ஓரம் கட்டினேன்.

சின்னப்பாப்பா கூடையோடு வரப்பில் நின்றிருந்தாள். எதிரே சக்கரபாணி, பைக்கை விட்டு இறங்கி நின்றிருந்தான்.

"ஜெயிச்சவ நீ தானே. நீ தான் குடோனுக்கு வரணும்."

"எனக்குக் காய்ச்சல். மாத்தாள் அனுப்பறேன்."

"காய்ச்சல்காரி கூடை தூக்குவியா?"

"வேர்த்தா எறங்கும்னு சொன்னாங்க."

எங்கள் உப்பளத்தில் ஒருத்திக்கு முடியாவிட்டால் தனக்குப் பதில் ஒருத்தியை அவளே அனுப்ப வேண்டும். அதுதான் மாத்தாள். கூப்பிட்டவள் மாட்டேன் என்று சொல்லக் கூடாது, வீட்டில் சாவு என்றால் ஒழிய. இந்தச் சட்டத்தைப் போட்டதே சக்கரபாணிதான். ஒரு நாளும் ஒரு தலை குறையக் கூடாது என்று பல வருஷத்துக்கு முன் போட்டது.

"யாரு மாத்தாள்?" என்றான்.

"அஞ்சம்மா."

பாத்தியில் வாரிக்கொண்டிருந்த அஞ்சம்மாள் நிமிர்ந்தாள். சூரியன் அப்போதுதான் மேலே வந்திருந்தது. தண்ணீரிலும் உப்பிலும் பட்டு அவள் முகத்துக்கு நேராக வந்தது. கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு சத்தம் வந்த பக்கமாகப் பார்த்தாள்.

"எத்தினி நாளைக்கு?"

"காய்ச்சல் வுடற வரைக்கும்."

"எப்ப வுடும்?"

"என்னக் கேட்டா? அது காய்ச்சலக் கேக்கணும்."

அஞ்சம்மாள் மண்வாரியைக் கீழே வைக்கவில்லை. "ஏண்டி, நீ என்னைப் பாவம் பாத்து இத செய்யறதா இருந்தா..."

"உன்ன யாருடி பாவம் பாத்தா?" சின்னப்பாப்பாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "மூணு நாளு அந்தப் பொந்துல நான் பட்டது எனக்குத் தெரியும். இன்னிக்கும் என்ன உள்ள தள்ளினா செவுத்தோட பேசுவேன், அப்பறம் என்ன ஏர்வாடிக்குத் தான் கூட்டிட்டுப் போவணும். நீ தான் வாயத் தெறக்க மாட்டியே, உனக்கு அது ஒத்துக்கும். மாத்தாள்னு கூப்டுட்டேன். வர முடியுமா, முடியாதா?"

இதை நல்ல மனசு என்று சிலர் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு அங்கே பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் எட்டுப் பேரில் அவள் ஏன் அஞ்சம்மாளைக் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவும் இல்லை.

அம்மா பாத்தியிலிருந்து குரல் கொடுத்தாள். "முடியாதுன்னா வீட்டுல சாவு விழுந்திருக்கணும் அஞ்சம்மா. விழுந்திருக்கா?"

"விழல."

"அப்ப போ."

சக்கரபாணி, "மாத்தாள் ஒரு நாளைக்கு தான்" என்று ஆரம்பித்தான்.

"அப்படி எங்க சொன்ன நீ?" என்றாள் மலர்கொடி. "நான் புள்ள பெத்தப்ப எந் தங்கச்சி மூணு மாசம் மாத்தாளா நின்னா. அப்ப வாய மூடிட்டுத் தானே இருந்த."

"டம்ளர் வேணா கொண்டாரட்டுமா?" என்றாள் கீதாஞ்சலி.

சக்கரபாணி பைக்கை உதைத்தான். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டாவது உதைக்குக் கிளம்பியது. போகும்போது, "யாராவது ஒருத்தி எட்டு மணிக்கு மிஷின்ல இருக்கணும்" என்று மட்டும் சொன்னான்.

அஞ்சம்மாள் வாய்க்கால் தண்ணீரில் கைகாலைக் கழுவிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினாள். பின்னால் உட்காரச் சொன்னேன். குடோன் பக்கம் வண்டியை விட்டேன். எக்செல் பள்ளத்தில் குதித்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மேட்ச்சு அடுத்தது எப்ப?" என்றாள்.

"நாலு வருசம் ஆவும் பெரிம்மா."

"ஓ." கொஞ்சம் யோசித்தாள். "அது வரைக்கும் அவளுக்குக் காய்ச்சல் இருந்தாத் தேவல."

சிரிப்பு வந்தது எனக்கு. அவளும் சிரித்தாள் என்று நினைக்கிறேன், முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

குடோனைச் சுற்றி முற்றம் முழுக்க உப்புக் கொட்டிக் கிடந்தது. வெயில் ஏறியிருந்தது, எனக்கே கண் கூசியது. அஞ்சம்மாள் இறங்கி, கையைப் புருவத்தில் வைத்து, அறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். காட்டினேன். உள்ளே ஒரு டியூப் லைட் எரிந்தது. பெஞ்சும் மிஷினும் மூட்டைகளும் தவிர ஒன்றும் இல்லை. வாசலில் நின்று ஒரு நிமிஷம் உள்ளே பார்த்தாள். புருவத்தில் இருந்த கையை எடுத்தாள். கண்ணை முழுசாகத் திறந்து அவள் எதையும் பார்த்து நான் கண்டது அன்றுதான்.

"நீ போயித் தூங்கு," என்றாள்.

உள்ளே போனாள். அவள் முதுகில் விழுந்திருந்த வெயில் கீற்று, கதவு சாத்தச் சாத்த ஒடுங்கி, விரல் அகலம் ஆகி, இல்லாமல் போனது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.